அடைக்கக் கூடாத ஓட்டை

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் ஒரு கார் நிற்கலாம், மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு ஸ்கூட்டரைச் சொருகலாம். ஒரு சனிக்கிழமை ஸ்கேன் சென்டரில் வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது கார் தெருவில், சாணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. போர்ட்டிகோவில் ஒரு படகு குப்புறக் கிடந்தது. என் மாமியார் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அதை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா அப்படிப் பாக்குற? போட்டுதான்," என்றார்.

போட்டு என்று எனக்கும் தெரிந்தது. அது ஏன் எங்கள் வீட்டில் கிடக்கிறது என்று தெரியவில்லை. அதைக் கேட்கவும் இல்லை. அந்தக் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாக, ஒரே ஆபீஸில் வேறு வேறு செக்‌ஷனில் வேலை பார்ப்பவர்கள் மாதிரி மரியாதையாக இருந்தோம். "காபி குடிச்சியாம்மா?" "குடிச்சேன் அத்தை." அத்தோடு முடிந்துவிடும்.

நான் கருங்குழிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலம், பம்புசெட், வறட்டு கௌரவம் எல்லாம் உண்டு. என் கணவனுடையது புதுப்பட்டினத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில், அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு பேரும் ஒரே காலேஜுக்கு ஒரே ரயிலில் போய்வந்து காதலித்துத் தொலைத்தோம். என் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. மாமியார் வந்தார், தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார், அதன் பிறகு என்னிடம் ரொம்ப ஜாக்கிரதையாகவே இருந்தார். நானும் அப்படித்தான்.

அவர் அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு பெற்றவர்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போவார்கள், சீரியல் பார்ப்பார்கள், மருமகளைப் பற்றிப் போனில் பேசுவார்கள். இவர் மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் நடந்த நிச்சயதார்த்தத்துக்குப் போனார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போன இடத்தில் இந்தப் படகைப் பார்த்திருக்கிறார். புயலில் தூக்கி எறியப்பட்டு, சவுக்கு மரத்தில் மோதி, விலாவில் என் தலை நுழைகிற அளவுக்கு ஓட்டையோடு குப்பைமேட்டில் கிடந்ததாம். கேட்டதற்கு, "எடுத்துக்கினு போங்க மேடம், எடம் காலியாவும்" என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். உடனே குட்டி யானை வண்டி பேசி ஏற்றிவிட்டார். கூடவே ஒரு பாய்மரம், எலி கடித்த பாய், ஒரு மூட்டைக் கயிறு எல்லாம் வந்து சேர்ந்தன.

என் கணவன் மாடியிலிருந்து ஹெட்போனோடு இறங்கி வந்தான். அவனுக்கு வீட்டிலிருந்தே வேலை, இருபத்துநாலு மணி நேரமும் யாரோ ஒரு கிளையண்ட் அவன் காதில் உட்கார்ந்திருப்பான்.

"அம்மா, நம்ம வூட்ல யாருக்கும்மா படகு ஓட்டத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். காலேஜ்ல நேவி கேடட்டா இருந்தேன். பாய்மரப் போட்டு ஓட்டியிருக்கேன்டா."

"எப்போ?"

"உங்கப்பன பாக்கறதுக்கு முன்ன," என்றார் மாமியார், அது ஒரு பொற்காலம் என்பது போல.

ரிப்பேரை நாமே செய்துவிடலாம் என்று அவர் முடிவு பண்ணியதற்குக் காரணம் செல்போனில் பார்த்த ஒரு வீடியோ. அதில் ஒரு வெளிநாட்டுக்காரன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பின்னணியில் பியானோ ஒலிக்க, ஒரு சொட்டுச் சிந்தாமல் படகில் ஓட்டையை அடைத்தான். கண்ணாடி நாரால் ஆன துணியை ஓட்டைமேல் விரித்து, ரெசின் என்கிற தேன் மாதிரியான திரவத்தைப் பூசினால், அது இறுகிக் கல்லாகிவிடும். ரெசின் இறுகுவதற்கு இன்னொரு திரவத்தைக் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பதில்தான் எங்கள் குடும்பம் தோற்றது.

முதல் நாள் மாமியார் ரசத்துக்குப் புளி கரைக்கிற கணக்கில் ஊற்றினார். நான் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் பக்கெட் சூடானது. பிறகு புகைந்தது. "கீழ வையி, கீழ வையி!" என்று அவர் கத்த, நான் வைத்த இடத்திலேயே பக்கெட் உருகி டைல்ஸோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது, சுற்றிப் பெருக்குகிறோம்.

மறுமுறை பயந்து ரொம்பக் குறைவாக ஊற்றினோம். அது மார்கழிப் பனிக்காலம் வேறு. நாள்கணக்கில் காத்திருந்தும் ரெசின் இறுகாமல் பலாப்பழப் பால் மாதிரி பிசுபிசுவென்றே இருந்தது. தெருநாய் ஒன்று வந்து அதன்மேல் சுகமாகப் படுத்துவிட்டு, தன் பின்பக்கத்து முடியில் பாதியை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதையெல்லாம் சுரண்டி எடுத்துத் திரும்பத் தேய்க்க வேண்டியதாயிற்று.

தேய்ப்பதுதான் நரகம். கண்ணாடி நார்த் தூள் கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். எத்தனை முறை குளித்தாலும் போகாது. ஸ்கேன் சென்டரில் நான் எக்ஸ்ரே எடுப்பவள். நோயாளியிடம், "அசையாதீங்க, மூச்ச புடிங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் நின்று என் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த மெஷின் எனக்கும் அப்படிப் பண்ணுமா?" என்று கேட்டார். வீட்டில் இட்லி, குழம்பு, தலையணை எல்லாவற்றிலும் ரெசின் நாற்றம். கணவன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு மாடியிலேயே சாப்பிட ஆரம்பித்தான். மாமியார் மட்டும் பள்ளிக்கூட விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நான் தேய்ப்பதை நிறுத்தும்போதெல்லாம் ஒரு ஊது ஊதுவார். எனக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் அந்த விசிலுக்கு மைதானத்தைச் சுற்றி ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. "சரி அத்தை" என்று சொல்லிவிட்டுத் தேய்த்தேன்.

புதுப்பட்டினத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு பைபர் வேலை செய்கிற ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். மாமியாருக்கு அவரைக் கூப்பிட இஷ்டமில்லை. அது தன்னுடைய தன்மானப் பிரச்சினை என்றார். அவர் தன்மானத்துக்கு என் முதுகு அரிக்க வேண்டுமா என்று நினைத்து, அவருக்குத் தெரியாமல் நான் போன் போட்டேன்.

"நாளைக்குக் காலைல மொதல் வேல உங்களுதுதான்க்கா," என்றார் பைபர்காரர்.

நாளைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன் பண்ணினால், "இதோ வந்துகினே கீறேன்க்கா" என்பார். பின்னால் கடல் சத்தம் கேட்கும். இன்னொரு நாள், "திருக்கழுக்குன்றம் தாண்டிட்டேன்" என்பார். பின்னால் அதே கடல். பல வாரம் கழித்து, மாமியார் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

ஆள் வேலையில் புலிதான். நாங்கள் மாதக்கணக்கில் நாசம் பண்ணியதை வெட்டி எறிந்துவிட்டு, சாயங்காலத்துக்குள் விலாவில் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டார். பிறகு படகின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். அங்கே நடுவில், நீளவாக்கில் ஒரு பிளவு இருந்தது. ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்தது.

"இது இன்னாக்கா, இவ்ளோ பெருசா கிழிஞ்சு கீது? இத வுட்டுட்டு சின்ன ஓட்டைய நோண்டிக்கினு இருந்தீங்களா?"

"அதையும் சேத்து அடைச்சிடுங்கண்ணா," என்றேன், பெருந்தன்மையாக.

அடைத்தார். அடுக்கடுக்காக அடைத்தார். யானை ஏறி மிதித்தாலும் அசையாது என்றார். அன்று ராத்திரி நான் அரிப்பில்லாமல் தூங்கினேன். ஆறு வருஷத்தில் முதன்முறையாக மாமியார் என்னைப் பாராட்டப் போகிறார் என்ற நினைப்பு வேறு.

கல்யாணத்திலிருந்து பட்டுப்புடவையோடு திரும்பிய மாமியார் போர்ட்டிகோவில் அப்படியே நின்றுவிட்டார்.

"இது இன்னா?"

"ஆள் வச்சு அடைச்சாச்சு அத்தை. மொத்தமா."

"மொத்தமான்னா?"

"எல்லா ஓட்டையும். நடுவுல நீளமா ஒண்ணு இருந்துச்சே, அதக்கூட."

அவர் கையிலிருந்த தாம்பூலப் பை கீழே விழுந்தது. தேங்காய் உருண்டு தெருவில் நின்ற காருக்கு அடியில் போனது.

"அது ஓட்ட இல்லடீ!"

அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் 'டீ' அது.

"அதுலதான்டீ பலக எறங்கணும்! தண்ணிக்குள்ள பலக எறங்குனாதான் போட்டு நேரா போவும். இல்லாட்டி காத்து தள்ளுற பக்கமா நண்டு மாதிரி சைடுலயே போய்கினு இருக்கும்! போட்டுக்கு உசுரே அதான், அதப் போய் சிமெண்ட் பூசுன மாதிரி பூசி வச்சிருக்க!"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்களா?"

"நீ கேட்டியா?"

"கேட்டா பதில் சொல்ற ஆளா நீங்க? விசில்தான ஊதுவீங்க!"

எதிர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். படகிலிருந்து ஆரம்பித்தது காருக்குப் போய், தெருவில் நிற்பதால் கார் மேல் விழுந்த தென்னை மட்டைக்குப் போய், சமையலறைக்குப் போனது.

"ஆறு வருஷமா உன் சாம்பார்ல உப்பே இல்ல! ஒரு நாளாவது சொல்லியிருக்கனா?"

"சொல்லியிருக்கலாமே! யாரு வேணாம்னது?"

"சொன்னா? நாளைக்கு உங்கப்பன் வூட்டுக்குப் போயி, அந்த ஜனங்களே இப்படித்தான்னு சொல்லிட்டு வருவ!"

சொன்னபிறகு அவரே கொஞ்சம் திகைத்துத்தான் நின்றார்.

"நான் அப்படிச் சொல்ற ஆளா அத்தை?" என்றேன்.

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நீயும் ஒண்ணும் பேசினது இல்ல. நானும் பேசினது இல்ல."

அப்போது கணவன் படியில் பாதி இறங்கி நின்றான். முகம் வெளுத்திருந்தது. "மியூட் போட மறந்துட்டேன். கிளையண்ட் எல்லாம் கேட்டுக்கினு கீறாங்க," என்றான்.

"அவங்களையே கேளு, யாரு மேல தப்புன்னு!" என்றார் மாமியார்.

மறுநாள் காலை பைபர்காரருக்குப் போன் போட்டு, அடைத்ததைத் திறக்கச் சொன்னோம். அவருக்கு வந்ததே கோபம். "நல்லா இருக்கிற போட்ட ஓட்ட போடச் சொல்றீங்களே டீச்சர், மனசாட்சி இருக்குதா? நான் அடைச்சத நானே அறுக்கமாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார். ஆகவே கட்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து நாங்களே அறுத்தோம். மாமியார் சாக்பீஸால் கோடு போட்டார், நான் அறுத்தேன். எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசலைக்கூடக் கண்டுபிடிக்கிற எனக்கு, கையில் மெஷின் வந்ததும் நேர்கோடு என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. பைபர்காரர் போட்ட அடுக்கு ஒவ்வொன்றும் அவர் கோபம் மாதிரியே கெட்டியாக இருந்தது.

மெஷின் சூடாகிவிட்டதால் அதை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தபோது, நான் முதன்முறையாகக் கேட்டேன். "எதுக்கு அத்தை இந்தப் படகு?"

அவர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டார். முகமெல்லாம் வெள்ளைத் தூள், புருவம்கூட வெள்ளை.

"எங்க ஊர் ஏரில எங்கள எறங்க வுடமாட்டாங்க. தண்ணிய அசிங்கம் பண்ணிடுவோமாம். கரை ஓரமா நின்னு, அவங்க மாடு குளிக்கிறத பாத்துக்கினு இருப்போம். அப்புறம் மெட்ராஸ்ல காலேஜ். வெள்ள யூனிபார்ம் குடுத்து, போட்டுல ஏத்தி, கடல்ல வுட்டாங்க. எறங்கச் சொல்ல யாரும் இல்ல." சிரித்தார். "மொத நாள் நான் இன்னா பண்ணேன் தெரியுமா? கடல்லயே துப்புனேன். நல்லா காறி. மூணு வருஷமும் போட்டு ஏறுனா மொதல்ல அதான். அவ்ளோ பெரிய கடல அசிங்கம் பண்ணிக் காட்டுனேன், ஒருத்தன் ஒண்ணும் கேக்கல."

எங்கள் ஊரிலும் ஒரு ஏரி உண்டு. அதில் எந்தக் கரையில் யார் இறங்கலாம் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்கும் தெரிந்திருக்கும். மெஷினைத் திரும்ப ஆன் பண்ணினேன்.

அதன் பிறகு வேலை ஒன்றும் சுலபமாகிவிடவில்லை. பலகை இறங்குகிற பிளவு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறாமலிருக்க, அதைச் சுற்றி ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்தோம், பொருந்தவில்லை. சுக்கானுக்கு வாங்கிய கீல் துருப்பிடித்தது. எலி கடித்த பாயை ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி தார்ப்பாய் தைக்கும் கடையில் கொடுத்தோம். பிரமாதமாகத் தைத்துவிட்டு, லாரிக்குப் போடுகிற பழக்கத்தில் கடை போன் நம்பரைச் சிவப்புப் பெயிண்டில் பாய் முழுக்க எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இப்போது சண்டை போட எங்களுக்கு நன்றாக வந்துவிட்டது. அவர் விசில் ஊதினால் நான் சுத்தியலால் பக்கெட்டைத் தட்டுவேன். சாம்பாரில் உப்புப் போடச் சொல்லி ஹாலிலிருந்தே கத்துவார். போட்டால், "கடல் தண்ணி" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு, புதுப்பட்டினம் பக்கத்து உப்பங்கழிக்குப் படகைக் கொண்டுபோனோம். கணவன் எங்கள் இரண்டு பேருக்கும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் வாங்கித் தந்துவிட்டு, தான் கரையில் இருந்து வீடியோ எடுப்பதாகச் சொன்னான். மீன்காரர்கள் வலையைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார்கள். பைபர்காரரும் வந்திருந்தார். கோபம் போகவில்லை, ஆனால் வராமல் இருக்கவும் முடியவில்லை போல.

"எஞ்சின மாட்டுங்க டீச்சர். இந்தக் காலத்துல எவன் பாய் கட்டுறான்?"

"எஞ்சின் மாட்டுனா நீ ஓட்டுவ. இத நான் ஓட்டுவேன்," என்றார் மாமியார். புடவையை விட்டுவிட்டு, பழைய டிராக் பேண்ட்டில் வந்திருந்தார்.

ஏறினோம். மூழ்கவில்லை. பாயை ஏற்றினார். தார்ப்பாய்க் கடை நம்பர் காற்றில் விரிந்தது, கரையில் ஒருவன் அதைச் சத்தமாகப் படித்தான். அடுத்த நொடி படகு சடாரென்று கிளம்பியது. எஞ்சின் சத்தம் இல்லை, துடுப்பு இல்லை. படகுக்கு அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடுகிற சத்தம் மட்டும். நான் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மாமியார் சுக்கானைக் கக்கத்தில் இடுக்கி, கயிற்றை இழுத்துப் பிடித்து, பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காலேஜ் பெண் மாதிரி வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் கோணலாக அறுத்த புண்ணியத்தில் படகு கொஞ்சம் இடது பக்கமாகவே போனது. அவர் அதற்கும் சேர்த்துச் சுக்கானைச் சாய்த்துப் பிடித்தார்.

எதிர்க்கரை நெருங்கியது.

"திருப்புங்க அத்தை."

அவர் முகத்தில் சிரிப்பு குறைந்தது.

"அத்தை, கரை வந்துடுச்சு. திருப்புங்க."

"திருப்புறது எப்பிடின்னு மறந்துட்டேன்டீ."

"என்னது?"

"போறது ஞாபகம் கீது. திருப்புறதுக்கு எத மொதல்ல வுடணும்னு... கயித்த வுடணுமா, சுக்கானத் தள்ளணுமா... தலைய குனி!"

கடைசி வார்த்தை தாமதமாக வந்தது. பாயின் அடிக்கட்டை என் மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனது. படகு சேற்றுத் திட்டில் ஏறி நின்றது. காலுக்கடியில் தண்ணீர் ஊறிவர ஆரம்பித்தது. குனிந்து பார்த்தேன். பைபர்காரர் அடைத்த இடத்தில் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் நாங்கள் செய்த பெட்டியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"அவன்கிட்ட சொல்லாத," என்றார் மாமியார்.

முழங்கால் ஆழத்தில் இறங்கி, சேற்றில் செருப்பை இழந்து, படகின் மூக்கைப் பிடித்து மாட்டைத் திருப்புகிற மாதிரி கையாலேயே திருப்பினோம். நான் டிபன் பாக்ஸால் தண்ணீரை இறைக்க, அவர் மறுபடி பாயை ஏற்றினார். திரும்புகிற வழியில் படகு இன்னும் அழகாகப் போனது. மீன்காரர்கள் கைதட்டினார்களா, கிண்டலுக்குச் சத்தம் போட்டார்களா என்று தெரியவில்லை. மாமியார் அதைக் கைதட்டலாகவே எடுத்துக்கொண்டு விசிலை நீளமாக ஊதினார். கரையில் பைபர்காரர் முதலில் படகுக்குள் குனிந்து பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"மழைத் தண்ணி," என்றேன் நான்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

குட்டி யானையில் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் கணவன் உட்கார்ந்துவிட்டான். அவன் எடுத்த வீடியோவில் முழுக்க அவன் கட்டைவிரல்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் பின்னால், படகுக்குள்ளேயே, சேற்றோடு உட்கார்ந்து வந்தோம். என் நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. அதற்கு யார் காரணம் என்று பேச்சு வந்தது. நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக் கூடாது என்றார். பிடி என்று அவர்தான் சொன்னார் என்றேன். சொல்லவே இல்லை என்றார். திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோதும் அது முடியவில்லை. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டு யாரிடம் முதலில் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார்.